கொற்கைத் துறையும் ஒலிவழித் தொல்லாய்வும்

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு தென்காசியின் மருங்கே கிழக்கு நோக்கி ஓடிச் சீவலப்பேரியருகில் பொருநையொடு கலக்கின்றது. பொருநை திருவைகுண்டம் கடந்து புன்னைக்காயலை அடுத்து மன்னார் வளைகுடாவிற் புகுகின்றது. மேற்கு மலையிலிருந்து இவ்விரண்டு ஆறுகளும் வாரிக்கொணரும் வண்டல் முழுவதும் ஆழ்கடலுக்குச் சென்று மறைவதில்லை. பெரும்பகுதி கழிமுகத்தில் தங்கிக் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே வந்துள்ளது. சங்க காலத்தில் கடற்றுறையாக விளங்கிய கொற்கை இன்று கடலினின்று ஏறத்தாழ 6 கி.மீ. உள்ளே, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருப்பதன் காரணம் இதுவே. கடற்றுறைக் கொற்கையில் வரலாறு தொடங்கிய பாண்டியர் குடி, பதினைந்தாம் நூற்றாண்டளவில் மலையடித் தென்காசியில் வந்து ஒடுங்கியது என்பதும், அவ்விரண்டு ஊர்களையும் ஒரே நீர் இணைக்கின்றது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

2021ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் பொருநைவெளி அகழாய்வு பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சிவகளையில் முதுமக்கள் தாழியிற் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கரிமக் கணிப்பால் அறியப்பட்டமை அவ்வறிவிப்பின் தலைமையான செய்தியாகும். அதனொடு, கொற்கைக் கடற்பகுதியில் நீரடி ஆய்வு தொடங்கப்படும் என்பதும் கூறப்பட்டது. நெல்லைப் பற்றிய செய்தி பெற்ற வரவேற்பைப் பின்னது பெறவில்லை. ஆயினும், தமிழ்த் துறையினர் முன்னரே ஆயத்தமாக வேண்டியது பின்னதற்கே என்பது எம் கருத்து. ஏனெனின், கடலடி ஆய்வில் முதலில் வருவது பானை ஓடன்று, செங்கல்லன்று; ஒலியால் வரைந்த ஒரு படம். அப்படத்தைக் கண்ட அன்றே, ‘இது பாடல்களிற் கூறப்பட்ட கொற்கைதானோ?’ என்னும் வினா தமிழாசிரியரை நோக்கி எழும். விடை கூறுமுன் அப்படம் எவ்வாறு பிறக்கின்றது, எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

கொற்கையும் புகாரும்

புகாரைக் கடல் கொண்டது என்பது மணிமேகலை கூறும் செய்தி. இந்திர விழாவை மறந்தமையால் அந்நகர் அழிந்தது என்று காரணமும் கூறுகின்றது அந்நூல். காரணத்தை ஏற்பார் உளர், மறுப்பார் உளர். நிகழ்ச்சியேனும் நூலில் உள்ளது. கொற்கையின் நிலை வேறு. அகநானூறும் ஐங்குறுநூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கையின் முத்தைப் பாடுகின்றன. சிலப்பதிகாரம் வெற்றிவேற் செழியனைக் கொற்கையில் வைத்துக் காட்டுகின்றது. கடல்கோளைக் கூறும் இறையனார் களவியலுரையும் கொற்கையைக் கடல் கொண்டதாகக் கூறவில்லை. கொற்கையைப் பாடிய சங்கப் புலவர் எவரும் அதன் அழிவைப் பாடவில்லை. அந்நகர் ஒருநாள் அழிந்ததன்று. சிறிது சிறிதாகத் துறையிழந்தது.

அயல்நாட்டார் குறிப்புகளும் இதனையே வலியுறுத்தும். கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்புளூசு என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் கொற்கையைக் ‘கொல்கொய்’ என்று சுட்டி, அங்கே முத்துக் குளித்தலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கின்றது. அடுத்த நூற்றாண்டினராகிய தாலமி அதனை வணிகத் துறையாகக் குறிக்கின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவோ கொற்கையைக் கூறாது, காயலைப் பெருந்துறையாகக் கூறுகின்றார். காயலும் பின்னர் மண்மேடுற்றுப் பழையகாயலாயிற்று. அதன் கிழக்கே புன்னைக்காயல் தோன்றியது. இம்மூன்று ஊர்களையும் ஒரு கோட்டில் வைத்து நோக்கினால், துறை கடலைத் துரத்திக்கொண்டு கிழக்கே நகர்ந்த வழி புலப்படும்.

இவ்வழியை முதன்முதல் மண்வெட்டியோடு ஆராய்ந்தவர் கால்டுவெல். ஒப்பிலக்கண ஆசிரியராகவே அவரை நம் மாணவர் அறிவர்; 1877இல் கொற்கை, காயல் ஆகியவற்றின் அகழ்வைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டதை அறிவார் சிலரே. ஆற்று வண்டலே இவ்விரண்டு துறைகளையும் நாட்டினுள் தள்ளியது என்பது அவர் துணிபு. பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968-69இல் கொற்கையில் அகழ்ந்தது. அங்குக் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785ஐ ஒட்டியதெனக் கணிக்கப்பட்டது. 2021இல் அத்துறை மீண்டும் அங்கு அகழ்ந்தது.

இவற்றால் பெறப்படும் முடிவு எளியது. ஆயினும் கடலாய்வின் போக்கையே மாற்றவல்லது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் கரை கொற்கையை ஒட்டி இருந்ததெனக் கொண்டால், அது 6 கி.மீ. நகர்ந்தமை சராசரியாக ஆண்டுக்கு 3 மீட்டர் ஆகும். ஆண்டுதோறும் ஒரே அளவாக நகர்ந்திராது என்பது வெளிப்படை; சில வெள்ளங்கள் ஒரே பருவத்தில் பல ஆண்டுகளின் வேலையைச் செய்திருக்கும். எவ்வாறாயினும், இன்று புன்னைக்காயலுக்கு அப்பால் கடலாக உள்ள இடம் அன்றும் கடலே. ஆண்டு மதிலும் மாடமும் வார்ப்பில் கட்டிய துறைமேடையும் தேடுதல், கடலுக்குள் உழவனைத் தேடுவதனோடு ஒக்கும். அங்கே இருக்கத்தக்கவை கலங்கள்: துறைக்கு வரும் வழியில் மூழ்கிய நாவாய், அறுந்த நங்கூரம், சிந்திய சரக்கு. நகரின் எச்சங்களோ கரைக்கு மேற்கே வயலடியில் உள்ளன. எனவே, கொற்கைக் கடலில் தேட வேண்டியது நகரன்று, கலம். இவ்வேறுபாடு ஒலிக்கருவியைத் தேர்வதிலும் அதன் பதிவைப் படிப்பதிலும் முதலிலிருந்து முடிவுவரை தொடர்வது.

ஒலி காணும் முறை

நீருள் ஒளி நெடுந்தொலைவு செல்லாது. வண்டல் கலங்கிய கழிமுகத்தில் குளியாள் தன் கையையே காணமாட்டான். வானொலி அலையும் உப்புநீரில் விரைவில் மடியும். ஒலி அவ்வாறன்று. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். மிகக் குறைந்த தேய்வோடு நெடுந்தொலைவும் செல்லும். 1912இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபின் நீரடியில் உள்ளவற்றை ஒலியால் அறியும் முயற்சி விரைவுற்றது. முதல் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் நோக்கத்துடன், பிரெஞ்சு அறிஞர் பால் இலான்சவான் 1917 அளவில் குவார்ட்சுப் படிகத்தை மின்னால் அதிரச்செய்து மீயொலி எழுப்பும் கருவியை அமைத்தார். மாந்தர் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுவரை கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. போருக்கெனப் பிறந்த இக்கருவி பின்னாளில் தொல்லியலுக்குப் பயன்பட்டது. 1967இல் இங்கிலாந்தின் போர்ட்சுமத் துறைக்கு அப்பால், எட்டாம் என்றி மன்னனின் மேரி ரோசு என்னும் போர்க்கலம் சேற்றினடியிற் புதைந்து கிடந்த இடத்தை, அமெரிக்க அறிஞர் எசர்ட்டனின் ஒலிக்கருவிகளே காட்டின. கடல் தரையின்மேல் கண்ணுக்குப் புலனாவது சிறிதே. உடல் முழுதும் சேற்றுள். கொற்கைக்கு நெருங்கிய முன்மாதிரி அதுவென்பதை நினைவிற் கொள்க.

அளவுகளால் இதனை விளக்குவாம். 23 மீட்டர் ஆழமுள்ள கடலில் ஒலித்துடிப்பொன்றைக் கீழே அனுப்பினால், அது தரையிற் பட்டு மீள 46 மீட்டர் செல்லுதல் வேண்டும். அதற்காகும் காலம் ஒரு நொடியின் நூறில் மூன்று பங்கு. கருவி அளப்பது அக்காலத்தையே. ஆழமாக அதனை மாற்றுவது கணக்கு. கணக்கிற்கு ஒலியின் விரைவு வேண்டும். அவ்விரைவு எங்கும் ஒன்றன்று. மன்னார் வளைகுடாவின் வெப்பமான உப்புநீரில் அது நொடிக்கு 1540 மீட்டரை எட்டும். 1500 எனக் கொண்டு கணக்கிட்டவர் 23 மீட்டர் ஆழத்தில் அரை மீட்டருக்கு மேல் பிழைபடுவர். கழிமுகத்திலோ உப்புநீரின்மேல் ஆற்றின் நன்னீர் ஒரு படலமாகப் பரவி நிற்கும். நன்னீரில் ஒலியின் விரைவு குறைவாதலின், இரண்டும் கூடும் எல்லையில் ஒலிக்கதிர் வளையும். சிற்றாற்று நீர் துறையைத் தூர்த்ததோடு அமையாது, துறையைத் தேடும் கருவியையும் ஏமாற்ற வல்லது.

குற்றாலத்தை அறிந்தவர்க்கு மற்றொன்றும் விளங்கும். பேரருவி நேரே தரையில் விழாது, இடையே பொங்குமாகடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து பொங்கிப் பின் வெளிப்படுகின்றது. பெயரளவிற் கடலாகிய அக்குழியின் ஆழத்தை ஒலியால் அளக்க இயலாது. காரணம் ஆழமன்று, நுரை. நீரிலுள்ள காற்றுக் குமிழிகள் ஒலியைச் சிதறடித்து விழுங்கிவிடும். அலை உடையும் கடற்கரையோரத்திலும் இதே நிலைமை. ஆதலின், கரையை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பட்டையில் ஒலிப்படம் தெளிவாக இராது. அங்கே ஒன்றும் காணப்படாமையை ஒன்றும் இல்லாமையாகக் கொள்ளல் தவறு.

தொல்லியலார் கையாளும் ஒலிக்கருவிகள் பல. அவற்றுள் இரண்டை நன்கு வேறுபடுத்தி அறிதல் நமக்குப் போதும். ஒன்று பக்கநோக்குச் சோனார். மீன் வடிவான ஒரு கூடு படகின் பின்னே கயிற்றில் இழுபட்டுச் செல்ல, அதன் இரு மருங்கும் விசிறிபோல் ஒலி பரவும். நொடிக்கு ஓரிலட்சம் முதல் ஐந்திலட்சம் வரை அதிர்வுகொண்ட மீயொலி இதிற் பயன்படும். ஐந்திலட்சம் அதிர்வாயின் அலைநீளம் 3 மில்லிமீட்டரே. ஆதலின் சிறு பொருளும் தெரியும். கடினமான பொருள் ஒலியை வலிதாகத் திருப்பும், மென்சேறு திருப்பாது. தரைக்கு மேல் எழுந்த பொருளுக்குப் பின்னே ஒலி படாத இடம் நிழலாக விழும். அந்நிழலே இப்படத்தின் உயிர். கூடு தரையினின்று 10 மீட்டர் உயரத்தில் செல்ல, நிழலின் முடிவு 50 மீட்டர் தொலைவில் அமைந்து, நிழலின் நீளமும் 10 மீட்டராயின், பொருளின் உயரம் 2 மீட்டர் என்பது ஒத்த முக்கோணக் கணக்கு. மாலை வெயிலில் கோபுரத்தின் நிழலை அளந்து அதன் உயரம் காண்பதும் இக்கணக்கே.

மற்றொன்று அடிமண் காட்டும் சோனார். இது சேற்றுள் நுழைய வேண்டியது. மீயொலி சேற்றின் மேற்பரப்பிலேயே பெரிதும் மடிந்துபோம். தாழ்ந்த குரலே உட்புகும். எனவே, இக்கருவி நொடிக்குச் சில ஆயிரம் அதிர்வு என்னும் அளவில், செவிக்குக் கேட்கும் ஒலியையே பயன்படுத்துகின்றது. 3500 அதிர்வில் அலைநீளம் ஏறத்தாழ 43 செ.மீ. ஆகும். ஆழம் கிடைக்க நுண்மை குறையும். நுண்மை கிடைக்க ஆழம் குறையும். இரண்டும் ஒருங்கே வேண்டுவார்க்கு இயற்கை இடங்கொடுப்பதில்லை. ஓரளவு இடங்கொடுப்பது கணக்கு.

பதிவும் பதிப்பும்

திரும்பிவரும் ஒலியை மின்னலையாக்கி, எண்களாக்கி, அவற்றினின்று வேண்டியதைப் பிரிக்கும் முறையைக் குறிகைச் செயலாக்கம் என்பர். பொறியியலாருக்கே உரியதெனத் தோன்றும் இம்முறை, ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்க்குப் புதிதன்று. சுவடியில் செல்லரித்த இடமும், எழுதினான் பிழையும், பிற்கால இடைச்செருகலும் மூலத்தோடு கலந்திருப்பது போலவே, ஒலிப்பதிவில் அலையின் இரைச்சலும், படகுப் பொறியின் ஓசையும், கூட்டின் ஆட்டமும், கடலின் மேற்பரப்பிற் பட்டு மீண்ட எதிரொலியின் எதிரொலியும் கலந்திருக்கும். தொலைவிலிருந்து வரும் ஒலி நைந்திருப்பதால், காலம் செல்லச் செல்லப் பெருக்கத்தை உயர்த்துவர். சாய்ந்து சென்ற ஒலியின் தொலைவைத் தரைவழித் தொலைவாகத் திருத்துவர். அடுத்தடுத்த ஓட்டங்களின் பட்டைகளை ஒட்டி ஒரு பெரும்படமாக்குவர். ஒவ்வொன்றும் பதிப்பாசிரியர் செயலே.

இவற்றுள் நுட்பமானது, அனுப்பிய துடிப்பின் வடிவைக்கொண்டே திரும்பியதைத் தேடுதல். ஒரே அதிர்வில் ஒலியாது, தாழ்ந்த அதிர்வில் தொடங்கி உயர்ந்த அதிர்வுவரை ஏறிச்செல்லும் நெடிய துடிப்பை அனுப்புவர். அவ்வேற்றத்தின் வடிவம் முன்னரே தெரியுமாதலின், இரைச்சலில் அமிழ்ந்து வந்தாலும் அதனைக் கணக்கினாற் பொருத்திப் பிரிப்பர். வெண்பாவின் தளை அறிந்தவன், சீர் சிதைந்த ஏட்டிலும் சொல்லெல்லை காண்பது இவ்வகைப்பட்டது. அதிர்வின் ஏற்றம் 10,000 ஆயின், சேற்றினடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக 7.5 செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு படலங்களையும் பிரித்துக் காணலாம் என்பது கணக்கு. தனித்த தாழ்குரல் தரமாட்டாத நுண்மை இது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். யாப்பில் மிகத் தேர்ந்த பதிப்பாசிரியர் உரைநடையையும் வெண்பாவாகத் திருத்திவிடக்கூடும். செயலாக்கமும் அவ்வாறே. படத்தில் ஒழுங்கான கட்டங்கள் தோன்றுவது சிலபோது கடலடியில் உள்ள ஒழுங்கினாலன்று. கூட்டின் சீரான ஆட்டமும், பட்டைகளை ஒட்டிய முறையும், அளவு மீறிக் கூர்மையாக்கலும் அவ்வொழுங்கைப் படைக்கும். அண்மைக்காலத்தில் கணினியையே பழக்கி, படங்களில் உடைகலங்களைத் தானே சுட்டுமாறு செய்கின்றனர். பழக்குவதற்குக் கொடுக்கும் படங்கள் பெரும்பாலும் மேலைக் கடல்களின் அண்மைக்காலக் கப்பல்களாயின், கயிற்றால் தைத்த நம் கலத்தை அக்கணினி எங்ஙனம் அறியும்? செயலாக்கம் செய்யாத மூலப்பதிவையும் உடன் வெளியிடுக என்று கேட்பது தமிழாய்வாளர் உரிமை. பாடவேறுபாடு காட்டாத பதிப்பை நாம் ஏற்பதில்லையன்றோ?

புகார்க் கடலில் கண்டவை

கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் கடல்சார் தொல்லியற் பிரிவு, எஸ். ஆர். இராவ் அவர்களின் தலைமையில், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையோடு சேர்ந்து 1981இல் பூம்புகார்க் கடலை ஆராயத் தொடங்கியது. அதற்கு முன்னரே, 1960களில், கீழையூரில் செங்கல்லால் இயன்ற ஒரு துறைமேடையும் அதில் நாட்டிய மரக்கால்களும் அகழ்ந்து காணப்பட்டிருந்தன. அம்மரத்தின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது. அத்துறைமேடை கிடைத்தது கரைமேல் என்பதை மறத்தலாகாது.

1991 மார்ச்சுத் திங்களில், கரையினின்று ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை இலாடம் போன்ற வடிவுடைய ஒரு பொருளைப் பக்கநோக்குச் சோனார் காட்டியது. அதன் சுற்றளவு 85 மீட்டர். உயரம் 2 மீட்டர். 1993இல் குளியாளர் இறங்கி நோக்கினர். அது கட்டடமா, பாறையா என்பது அப்பொருளினின்று எடுத்த சான்றால் முடிவாக நிறுவப்படவில்லை. ஆனால் முடிவுக்குக் காத்திராதவர் பலர். 2001இல் கிரகாம் ஹான்காக் என்னும் ஆங்கில எழுத்தாளர் அவ்விடத்தில் மூழ்கி, 2002இல் நூலாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் அதனைப் பரப்பினார். கடல்மட்டம் 23 மீட்டர் தாழ்ந்திருந்த காலம் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்னர். ஆகவே அக்கட்டடமும் அக்காலத்தது என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் மூன்று ‘ஆயின்’ மறைந்துள்ளன. அது மாந்தர் கட்டியதாயின், தரைமேல் கட்டியதாயின், கட்டிய பின்னர் நிலம் தாழாதிருப்பின் என்பன அவை. ஒன்றேனும் மெய்ப்பிக்கப்படாதவரை, ஆழத்தினின்று காலத்தைக் கணிப்பது சான்றாகாது. நம்மவருள் சிலர் அதனைக் குமரிக்கண்டத்தோடு இணைத்து மேடைகளில் முழங்கினர். அம்முழக்கத்தால் கீழையூர் மரக்காலின் உறுதியான சான்றுக்கும் அயலார் ஐயக்கண் வைத்தமைதான் கண்ட பயன்.

இதனினும் பெரிய பாடம் குசராத்தில் நிகழ்ந்தது. காம்பே வளைகுடாவில் நீர்மாசு பற்றிய ஆய்வுக்கெனச் சென்ற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தாரின் சோனார்ப் படங்களில் சதுர வடிவுகள் தோன்ற, 2001 மே திங்களில் மூழ்கிய நகரம் என்று நடுவணரசின் அமைச்சரே அறிவித்தார். தரையை வாரி எடுத்தபோது வந்த ஒரு மரத்துண்டு ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழைமை உடையதெனக் கணிக்கப்பட்டது. வன்மையான நீரோட்டம் உள்ள அவ்வளைகுடாவில், வாரி எடுத்த பொருள் அவ்விடத்திற்கே உரியதென எங்ஙனம் துணிவது என்று தொல்லியலார் பலர் வினவினர். பழைய மரம் பழைய மரமே. அது பழைய நகரன்று.

பூம்புகார்க் கடலில் ஐயமின்றி நிறுவப்பட்டது ஒன்று உண்டு. அதுபற்றிப் பேசுவார் அருகியே உள்ளனர். 19 மீட்டர் ஆழத்தில் ஓர் உடைகலம் கண்டறியப்பட்டு, அதினின்று ஈயக் கட்டிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் 1791, 1792 என்னும் ஆண்டுகளும் ‘டபிள்யூ. பிளாக்கெட்’ என்னும் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் என்பது வட இங்கிலாந்தில் ஈயச்சுரங்கம் உடைய ஒரு குடும்பத்தின் பெயர். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியச் சரக்கோடு வந்த கலம் அதுவென்பது தெளிவு. சங்க காலத்தது அன்று என்பதனால் நம்மவர்க்கு அதில் ஆர்வம் பிறக்கவில்லை போலும். ஆயினும் ஆய்வுமுறையை நோக்குவார்க்கு அதுவே தலைசிறந்தது. அங்கே ஆள் இறங்கினான், பொருள் மேலே வந்தது, எழுத்துப் படிக்கப்பட்டது. எழுத்தும் ஆண்டும் பொறித்த கட்டியின் முன் எந்த வாதத்திற்கும் இடமில்லை.

கொற்கைக் கடலில் செய்யத்தக்கவை

கொற்கைக்கு மீள்வோம். மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச்சிப்பி வளரும் பாறைத் திட்டுகளைப் பரவர் ‘பார்’ என்பர். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961இல் நின்றது. சங்கு குளிப்பார் அதன்பின்னும் அப்பார்களை அறிந்து வந்துள்ளனர். கரையில் உள்ள கோபுரம், பனை முதலிய இரண்டு அடையாளங்களை நேர்வைத்து நடுக்கடலில் இடம் காணும் அவர்தம் அறிவு, கருவிக்கு முன்னர்க் கேட்டறியத்தக்கது. இப்பார்கள் பக்கநோக்குச் சோனாரில் ஒளிமிக்க கடுந்தரையாகத் தோன்றும். கடற்கரை மணல் சுண்ணத்தால் இறுகிய கரைப்பாறையும் இக்கரையோரத்தில் உண்டு. அது வெடிக்கும்போது செங்குத்துக் கோடுகளாகப் பிளந்து, அடுக்கிய கற்சுவர் போலவே தோற்றமளிக்கும். ஆதலின் நேர்கோடும் மூலைக்கோணமும் கண்ட அளவில் மதில் எனத் துணிதல் கொற்கைக் கடலில் பிற இடங்களினும் மிகுந்த இடையூறு உடையது. பார்களின் பெயரும் இடமும் கொண்ட ஒரு பட்டியலை முதலில் தொகுத்தல் வேண்டும். அப்பெயர்கள் தமிழ்ச் சொற்கள். தொகுக்கும் பணி தமிழ்த் துறைக்கே உரியது. இத்தகைய கள ஆய்வைப் பட்ட மேற்படிப்பு மாணவர் மேற்கொள்ள வேண்டுமென யாம் பெரிதும் விழைகின்றோம்.

மீனவர் அறிவின் பெருமைக்கு ஈழத்தின் தென்கரையிலுள்ள கொடவாய சான்றாகும். அங்கே 30 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், கி.மு. இரண்டாம் முதல் நூற்றாண்டுகளை ஒட்டிய உடைகலம் ஒன்று உள்ளது. இந்தியப் பெருங்கடலில் இதுகாறும் அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது அது. கண்ணாடிக் கட்டிகளும் அரைகல்லும் அதிற் கிடைத்தன. அதனை முதலிற் கண்டவர் உள்ளூர்க் குளியாளரே. கருவிகள் பின்னர் வந்தன. கொற்கை முத்து ஏற்றுமதியான அதே காலத்தில், அதே கடலின் மறுகரையில், இத்தகைய கலம் ஒன்று தங்கியிருப்பின், மன்னார் வளைகுடாவிலும் தங்கியிருத்தல் கூடும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

ஆனால் அத்தகைய கலம் கொற்கைக்கு அப்பால் இருப்பின், அது பெரும்பாலும் பொருநை வண்டலின்கீழ் இருக்கும். அதனைப் பக்கநோக்குச் சோனார் காட்டாது. காந்தமானியும் உதவுவது அரிது. மேலைநாட்டுக் கப்பலைப் போல் பீரங்கியும் இரும்பாணியும் கொண்டதன்றி, இக்கடல்களில் ஓடிய பழங்கலங்கள் பல பலகையைக் கயிற்றால் தைத்து அமைந்தவை. எனவே கொற்கைக்கு வேண்டியது முதன்மையாக மீயொலியன்று. சேற்றுட் புகும் தாழொலி. தலைப்பில் மீயொலி என்று பெயர் வைத்துத் தொடங்கும் திட்டங்கள் தம் கருவியின் பெயரிலேயே கட்டுண்டு போவதைக் காண்கின்றோம். தாழொலிக்கும் ஓர் இடர் உண்டு: ஆற்றுச் சேற்றில் மட்கிய தழையினின்று எழும் வாயு அடிமண்ணிலே தங்கியிருப்பின், பொங்குமாகடலின் குமிழிகளைப் போல் அதுவும் ஒலியை மறைக்கும். படத்தில் அவ்விடம் ஒரு திரையாகத் தோன்றும். அத்திரைக்குப் பின்னே என்ன என்பதைத் துளையிட்டு மண் எடுத்தாலன்றி அறியவியலாது.

துளையிட்டு எடுத்த மண்ணே ஒலிப்பதிவிற்குக் காலத்தையும் தரும். கழிமுக வண்டலின் படலங்களுக்குக் கரிமக் கணிப்பால் ஆண்டு தெரிந்தால், எந்தப் படலத்தின்மேல் கலம் கிடக்கின்றது என்பதைக்கொண்டு அதன் காலத்தை அணுகலாம். இப்பணி கரைமேலும் தொடர வேண்டும். கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்னும் கோட்டிலே வயல்களில் துளையிட்டு, கடற்சிப்பி நின்று ஆற்று மண் தொடங்கும் எல்லையைக் குறித்துக்கொண்டே சென்றால், எந்நூற்றாண்டில் கரை எங்கிருந்தது என்னும் வரைபடம் கிடைக்கும். சங்க காலக் கரை தெரியாமல் சங்க காலத் துறையைத் தேடுதல் இயலாது. செலவும் இதற்குக் குறைவு, படகு வேண்டா.

2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பொருநைவெளியிற் பெய்த பெருமழையையும் இங்கே கருதுதல் வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. அவ்வெள்ளம் கடலிற் கொட்டிய வண்டல், கழிமுகத்தின் அடித்தரையை மாற்றியிருக்கும். வெள்ளத்துக்கு முன்னர் எடுத்த ஒலிப்படமும் பின்னர் எடுத்ததும் ஒரே நூலின் இரண்டு சுவடிகளைப் போல்வன. எதனையும் நாளும் பருவமும் குறியாமல் மேற்கோள் காட்டலாகாது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, மாமல்லபுரத்தையடுத்த கரையில் மணலை அரித்துப் பழங்கட்டட எச்சங்களை வெளிப்படுத்தியதை அறிவோம். பேரலை அங்கே திறந்ததுபோல், வெள்ளம் இங்கே மூடியிருக்கவும் கூடும்.

கொற்கைக்குச் செல்லுமுன் கருவியை ஒரு முறை பூம்புகாருக்குக் கொண்டு செல்லுதல் நன்று. பெயரும் ஆண்டும் ஐயமின்றித் தெரிந்த ஈயக்கலம் 19 மீட்டர் ஆழத்தில் அங்கே உள்ளது. அதன்மேல் பக்கநோக்குச் சோனாரையும் அடிமண் சோனாரையும் செலுத்தி, திறந்து கிடக்கும் பகுதி எவ்வாறு பதிகின்றது, சேற்றில் அமிழ்ந்த பகுதி எவ்வாறு பதிகின்றது என்பதைப் பதிந்து வைத்தால், புன்னைக்காயலுக்கு அப்பால் ஐயத்துக்குரிய ஒரு குறி தோன்றும்போது ஒப்பிடுவதற்கு ஒரு மூலப்படி கையில் இருக்கும்.